மாடி அன்ரியின் கொடிகள்

மாத்திரைப் பெட்டியில் இருக்கிற எழுத்தை வாசிக்கக் கண்ணாடியைத் தேடும் வயதுக்கு வந்துவிட்டோம். பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்துத் தெருக்களில் என்னோடு வளர்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் பக்கத்தில் இருந்து கேட்கலாம், எனக்குக் கோபமில்லை.

போன மாதம் அந்தத் தெருவால் நடந்து போனேன். நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்துக்குப் புது நிறம் பூசியிருக்கிறார்கள். வாசலில் இலக்கம் அமத்தித் திறக்கிற பூட்டு. சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்களாம். நிமிர்ந்து மொட்டைமாடியைப் பார்த்தேன். நிழற்குடைகளும் சாய்கதிரைகளும் தெரிந்தன. அங்கே ஒரு காலத்தில் பெரிய தக்காளித் தகரத்தில் மண் நிரப்பி நாணல் தடி நட்டிருந்ததும், அதற்காக எங்கள் குசினியில் கூட்டம் நடந்ததும் உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இருக்காது. நீங்கள் எல்லோரும் தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. முதல் மாடியில் வீட்டுக்கார சிஞ்ஞோரா. அவருக்கு மேலே, ஓட்டலில் கோப்பை கழுவிய கீழ்வீட்டு அங்கிள். அவருக்கு மேலே அப்பா, அம்மா, நான். எங்களுக்கும் மேலே மொட்டைமாடி. அங்கே முந்திய காலத்தில் உடுப்புத் தோய்ப்பதற்கென்று கட்டிய ஒரு தகரக்கூரை அறை இருந்தது. கோடையில் அது பாண் சுடுகிற போறணைதான். அதற்குள் ஒரு நாள் ஒரு பெண் குடிவந்தார். அவரைத்தான் நான் மாடி அன்ரி என்று கூப்பிட்டேன்.

அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தது அம்மாவின் மிளகாய்த்தூள். ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா பூசைக்குப் போன நேரம் பார்த்து, யன்னலெல்லாம் பூட்டிவிட்டு அம்மா செத்தல் மிளகாய் வறுப்பார். பூட்டி என்ன பயன், கட்டடமே தும்மும். அப்படி ஒருநாள் யாரோ கதவைத் தட்டினார்கள். அப்பா உதட்டில் விரலை வைத்தார். அப்பாவுக்குக் கதவைத் தட்டுகிற எல்லோரும் பொலிஸ்தான். கடைசியில் அம்மாதான் போய்த் திறந்தார். உயரமான, கறுத்த, பின்னல் போட்ட பெண் ஒருத்தி கண்ணால் தண்ணீர் ஓட நின்றார். தும்மலால் வந்த கண்ணீர் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

அம்மா யோசிக்காமல் தமிழில் கதைக்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்து, சாடியில் நின்ற கறிவேப்பிலைக் கன்றைக் காட்டி, "கறபுலே!" என்றார். அப்பா தன் கிளறிக்கல் ஆங்கிலத்தை வெளியே எடுத்தார். அவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் எழுதுவினைஞராக இருந்தவர். பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பணக்கார வீடொன்றில் அம்மாவோடு சேர்ந்து தரை துடைத்தாலும் அந்த ஆங்கிலத்தைத் தூசி தட்டித்தான் வைத்திருந்தார். என் பள்ளிக்கூட அட்லஸ் வந்தது. அந்தப் பெண் அமெரிக்காவுக்குக் கீழே, கடலுக்குள், புள்ளி போலக் கிடந்த ஒரு தீவில் விரலை வைத்தார். திரினிடாட். கரும்புத் தோட்டத்துக்கென்று மதராசில் கப்பல் ஏறியவர்களின் வழி அவர்.

"எங்கடை ஆள்தான்," என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். "பாஷைதான் வழியிலை துலைஞ்சு போச்சு." சொல்லிவிட்டு ஒரு போத்தல் தூளை அவர் கையில் திணித்தார்.

அன்ரி பலெர்மோவுக்கு வந்த கதையும் கப்பல் கதைதான். பெரிய பயணிகள் கப்பலில் துணி தோய்த்து இஸ்திரி போட்டு மினுக்குகிற வேலை அவருக்கு. துறைமுகத்தில் கப்பல் நின்றபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அந்த அறையில் யன்னல் இல்லை" என்பார். பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்க விடுகிற அந்தத் துண்டு, அவரிடம் இல்லை. லிபெர்த்தா வீட்டுக்காரர்களின் சட்டைகளை மினுக்கிக் கொடுத்துச் சீவித்தார். கப்பலின் முத்திரை அடித்த, நூல் சுற்றிய வயரோடு ஒரு பாரமான இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தார். அதை மட்டும் எப்படி மத்தியானச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு இறங்கினார் என்று நான் கேட்டதில்லை. கஞ்சி போட்ட துணி சூடாகிற மணம் இன்றைக்கு எங்கே வந்தாலும் எனக்கு அந்தத் தகரக்கூரைதான் ஞாபகம் வரும்.

பள்ளிக்கூடம் விட்டால் நான் மேலேதான் போவேன். அவர் மினுக்குவார், நான் பொத்தான்களைப் பூட்டி மடிப்பேன். அவருடைய இத்தாலி வானொலியில் படித்தது, என்னுடையது தெருவில் படித்தது, இரண்டும் ஒருமாதிரி ஒத்துப்போயின. நீங்கள் எல்லோரும் பேய்க் கதையும் ராசா கதையும் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். நான் கேட்டு வளர்ந்தது சட்டக் கதைகள்.

"கப்பலில் வந்த எங்கள் ஆள், என் பூட்டன், ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்," என்று அன்ரி தொடங்குவார். "தோட்டத்து எல்லையைத் தாண்டுவதென்றால் துரை தருகிற பாஸ் கையில் இருக்கவேண்டும். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த தங்கச்சியைப் பார்க்கப் பாஸ் இல்லாமல் நடந்து போனார். வழியில் பிடித்து மறியல் வீட்டில் அடைத்தார்கள்."

"களவெடுத்தவரோ?"

"இல்லை. நடந்தவர். அங்கே அது குற்றம்."

மறியலால் வந்த மனிதர் சும்மா இருக்காமல் ஒரு மேளம் செய்தாராம். மேளம் அடிக்கவும் பொலிஸ் அனுமதி வேண்டுமாம். ஒரு திருவிழாவில் பொலிஸ் வந்து மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனது. "ஆனால் ரசீது எழுதிக் கொடுத்தார்கள்," என்று அன்ரி சிரித்தார். "மேளம் திரும்பி வரவேயில்லை. ரசீதைச் சட்டம் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம். விளக்கு வைத்தால் அதற்கும் வெளிச்சம் படும்." கோயிலில் நடந்த கலியாணம் நெடுங்காலம் அந்தத் தீவின் சட்டத்துக்குக் கலியாணமே இல்லை என்றும், தாயும் தகப்பனும் பக்கத்தில் நிற்கப் பிள்ளையைத் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பதிந்தார்கள் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். "அப்பா, பெர்மெஸ்ஸோ இல்லாமல் பிரான்காச்சோவுக்கு பஸ்ஸிலை போனால் உங்களையும் மறியலிலை போடுவினமோ?"

அப்பாவின் கை கோப்பையிலேயே நின்றது. "ஆர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தாறது?"

நான் அன்ரியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பா பெர்மெஸ்ஸோவைச் சட்டைப் பையில், பிளாஸ்ரிக் உறைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பார். அதைப் புதுப்பிக்கிற மாதம் வந்தால் வீட்டில் சத்தம் குறைந்துவிடும். அந்த வருடம் புதுப்பிக்கிற வருடம்.

அன்ரிக்கு ஒரு தம்பி இருந்தான். அவனைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒருநாள், வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியை மினுக்கிக்கொண்டே. அவனும் இன்னொருவனும் ஒரு கடைக்குக் கொள்ளையடிக்கப் போனார்கள். கடைக்காரர் செத்துப்போனார்.

"அன்ரி, உங்கள் தம்பியோ சுட்டது?"

"சுட்டது மற்றவன். இவன் கதவடியில் நின்றான்."

"அப்படியென்றால் இவரை விட்டுவிடலாம்தானே?"

"கதவடியில் நின்றவனுக்கும் அதே கயிறு. எங்கள் சட்டம் அப்படி."

தீவு எப்போதோ சுதந்திரம் வாங்கிவிட்டது. ஆனால் தூக்கா இல்லையா என்று கடைசியாகச் சொல்வது லண்டனில் இருக்கிற நீதவான்கள்தானாம். அந்தத் தீவை அவர்கள் பார்த்திருப்பார்களா என்று கேட்டேன். "படத்தில் பார்த்திருப்பார்கள்," என்றார் அன்ரி. வழக்கு அப்போது லண்டனில் இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு தம்பி இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா. ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். தெற்கே ஏதோ முகாமில் இருப்பதாக ஒருவர் சொன்னார், பிறகு அவரும் அப்படிச் சொல்லவில்லை என்றார். மாமாவின் படம் எங்கள் சாமிப்படத்துக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கச் செருகியிருந்தது. அதைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஊரில் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தோடு தொடர்பு என்று யாராவது முடிச்சுப் போட்டால் எங்கள் பெர்மெஸ்ஸோ போய்விடும் என்று பயம். அம்மா வெளியே கதைக்கவில்லை. உள்ளேயும் கதைக்கவில்லை. ஒரே படிக்கட்டில் மேலேயும் கீழேயும் இருந்த இரண்டு அக்காமாரில் ஒருவர் தம்பியைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. அவர்களுக்குள் பொதுவாக இருந்த பாஷை கறிவேப்பிலை மட்டும்தான்.

அந்தக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். மாபியாக்காரர் இரண்டு நீதவான்களை ஒருவர்பின் ஒருவராகக் குண்டு வைத்துக் கொன்ற கோடை. பலெர்மோ பெண்கள் வெள்ளைக் கட்டில் விரிப்புகளில் எழுதிப் பல்கணிகளில் தொங்கவிட்டார்கள். எங்கள் சிஞ்ஞோராவும் ஒன்று தொங்கவிட்டார். அதில் என்ன எழுதுவது என்று யோசித்து முடியாமல் வெறுமனே விட்டார். இந்தத் தீவிலும் சட்டம் இருக்கிறது, அதைச் சொன்ன வாயைத்தான் மூடிவிடுகிறார்கள் என்று படிக்கட்டில் நின்று அழுதார்.

முதல் குண்டுக்குப் பிறகு, இரண்டாவதுக்கு முன்பு, அன்ரி ஓரெத்தோ ஆற்றங்கரைக்குப் போய் ஒரு நீட்டு நாணல் தடி வெட்டிக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். மூங்கில் கிடைக்காத ஊரில் அதுதான் மூங்கில். தக்காளித் தகரத்தில் மண் நிரப்பி நட்டார். குங்குமம் தொட்டு, பூ வைத்து, நுனியில் ஒரு சிவப்புத் துணியும் ஒரு மஞ்சள் துணியும் கட்டினார். அவர்கள் தீவில் நேர்த்தி வைத்தால் முற்றத்தில் இப்படிக் கொடி நடுவார்களாம்.

"இதை இனி யாருடைய கையும் இறக்கக்கூடாது," என்றார். "வெயிலும் காற்றும் தின்னலாம். மனிதன் தொடக்கூடாது. லண்டனில் இருந்து முடிவு வரும்வரைக்கும் நிற்கவேண்டும்."

சிஞ்ஞோரா உடுப்புக் காயப்போட மேலே வந்து கொடியைக் கண்டார். எங்கள் நகரத்தின் புனிதப் பெண்ணுக்கு, ரொசாலியாவுக்கு, ஆடித் திருவிழா வருகிறதல்லவா, அதற்குத்தான் என்று அவராகவே முடிவுகட்டிச் சிலுவை போட்டுக்கொண்டார். "பிராவா," என்று அன்ரியின் கன்னத்தைத் தட்டினார். விசயம் அதோடு முடிந்திருக்கவேண்டும்.

முடியவில்லை. இரண்டாவது குண்டுக்குப் பிறகு தெருமுனைகளில் பட்டாளத்தை நிறுத்தினார்கள். பலெர்மோக்காரர் அந்தப் பையன்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எங்கள் பெரியவர்களோ வேறு தெருவால் சுற்றிப் போனார்கள். துவக்கோடு தெருமுனையில் நிற்கிற ஆமியை அவர்கள் வேறு இடத்தில் பார்த்தவர்கள்.

கீழ்வீட்டு அங்கிள் எங்கள் குசினிக்கு வந்து கதவைச் சாத்தினார். அம்மா வேலையால் இன்னும் வரவில்லை.

"அண்ணை, மேலை பாத்தனீங்களோ? சிவப்பும் மஞ்சளும்!"

"அது அந்த மனுசியின்ரை சாமிக் கொடியாம்," என்றார் அப்பா.

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆமிக்காரனுக்குத் தெரியுமோ? தமிழாக்கள் இருக்கிற கட்டடம், மேலை இயக்கத்தின்ரை நிறம். ஒருத்தன் படமெடுத்துக் குவெஸ்தூராவிலை குடுத்தானெண்டால் சரி. உங்கடை பெர்மெஸ்ஸோவும் போச்சு, என்ரையும் போச்சு."

குவெஸ்தூரா என்றால் பொலிஸ் தலைமை அலுவலகம், பெர்மெஸ்ஸோ தருகிற இடம். அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

வடக்கு இத்தாலியில் இருந்து வந்து, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து நிற்கிற பையன்களுக்கு எங்கள் நாட்டு இயக்கத்தின் நிறம் தெரியும் என்று எங்கள் ஆட்கள் முழுதாக நம்பினார்கள். நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் என்று ஒரு நினைப்பு. பிறந்த நாளிலிருந்து மஞ்சளிலும் குங்குமத்திலும் புரண்டவர்கள் இவர்கள். அந்த இரண்டு நிறத்தையும் சேர்த்துக் கண்டால் கோயில் ஞாபகம் வராமல் ஆமி ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

"அன்ரியின்ரை தம்பியை..." என்று நான் தொடங்கினேன்.

"பெரியாக்கள் கதைக்கேக்கை வாயைப் பொத்து," என்றார் அப்பா.

அன்ரி மினுக்கிய சட்டைகளைக் கொடுக்க லிபெர்த்தாவுக்குப் போன நேரம் அப்பா மேலே போனார். தடியைப் பிடுங்கி முறித்தார். துணி இரண்டையும் அவிழ்த்து மடித்துப் பத்திரிகையில் சுற்றி எங்கள் அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். எறியவில்லை. சாமித் துணியை எறிய அவருக்கும் மனம் வரவில்லை. மண் நிரம்பிய தகரம் மட்டும் மேலே நின்றது.

அன்ரி வெறும் கூடையோடு எங்கள் கதவடிக்கு வந்தபோது அம்மாவும் வேலையால் வந்திருந்தார். கீழ்வீட்டு அங்கிளும் நின்றார். அன்ரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அப்பாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"யார் கழற்றச் சொன்னது? பொலிஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. எங்கள் எல்லோரின் பாதுகாப்புக்கும்..."

"வீட்டுக்காரியா?"

"இல்லை."

"அப்படியென்றால் நீங்களாகவே." அன்ரி கூடையைக் கீழே வைத்தார். "என் பூட்டனின் மேளத்தைப் பொலிஸ்காரன் பறித்தான். அவன் வெள்ளைக்காரன். ஆனாலும் ரசீது தந்தான்."

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார். "ஒண்டுமில்லை, கொடி விசயம்," என்றார் அப்பா. அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பிள்ளை."

"அன்ரியின்ரை தம்பி மறியலிலை இருக்கிறார். தூக்கிலை போடப் போகினமாம். லண்டன் கோட்டிலை அப்பீல் கேட்டிருக்கினம். முடிவு வருமட்டும் அந்தக் கொடி நிக்கோணுமாம். ஒருத்தரும் கழட்டக்கூடாதாம்."

அம்மா அன்ரியைப் பார்த்தார். "அவவுக்குத் தம்பி இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

துணிகள் எங்கே என்று என்னைக் கேட்டார், நான் அலுமாரிப் பக்கம் கையைக் காட்ட உள்ளே போனார். கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது ஒரு கையில் பத்திரிகைச் சுற்று, மறு கையில் கூறைச்சேலை. அப்பா கலியாணத்தன்று கொண்டுபோய்க் கொடுத்த கூறை. அரக்குச் சிவப்பு, மஞ்சள் சரிகைக் கரை. ஊரைவிட்டு வந்தபோது அம்மா கொண்டுவந்த ஒரேயொரு பட்டு. மேசையில் விரித்து, தலைப்புப் பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தார்.

"இஞ்சாரும்! என்ன செய்யிறீர்? கூறையெல்லோ!" அப்பா மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார். கட்டின புருசன் இருக்கக் கூறையில் கத்தரி வைப்பது எங்கள் ஆட்களிடம் கேள்விப்படாத காரியம்.

"ஓம், கூறைதான்," என்றார் அம்மா. "இதை நீங்கள் கொண்டுவந்த அண்டைக்கு, பந்தல் வாசலிலை உங்கடை காலைக் கழுவிக் கூட்டிக்கொண்டு வந்தவன் ஆர்? அவன்ரை விரலிலை மோதிரம் போட்டனீங்களே, மறந்து போச்சோ?"

மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பி கழுவுவதும் மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் எங்கள் கலியாண முறை. அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

"அவவுக்கெண்டாலும் ஒரு கோடு இருக்கு. வழக்கு இருக்கு. லண்டனிலை ஒரு நீதவான் இருக்கிறான். என்ரை தம்பிக்கு என்ன இருக்கு? வழக்கே இல்லை. நான் ஆரைப் போய்க் கேக்கிறது? கேக்கக்கூடாதெண்டு நீங்கள் சொன்னனீங்கள், கேக்காமலே இருந்தனான். இனி இருக்கமாட்டன்."

கத்தரிக்கோல் பட்டில் போகிற சத்தம் மெல்லியது. ஒரு கை அகலத் துண்டு வந்தது. கீழ்வீட்டு அங்கிள், "அக்கா, ஆமி நிக்குது..." என்று இழுத்தார்.

"நிக்கட்டும் தம்பி. வந்து கேட்டால் நான் சொல்லுறன், இது என்ரை கூறையெண்டு."

பட்டப்பகலில், எதிர்வீட்டுப் பல்கணிகள் எல்லாம் பார்த்திருக்க, அம்மாவும் அன்ரியும் மொட்டைமாடிக்குப் போனார்கள். முறிந்த தடியில் நீட்டுத் துண்டை எடுத்து மறுபடி நட்டார்கள். அன்ரி தன் இரண்டு துணியையும் கட்டினார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து முடிச்சுப் போடுகிற விதத்தைக் காட்டினார். அம்மா மாமாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் நான் காதால் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் பொலிஸ் வரத்தான் செய்தது, கொடிக்காக இல்லை. புதுப்பிக்கக் கொடுத்தவர்கள் அந்த விலாசத்தில் உண்மையாகவே இருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. இருவர் வந்தார்கள். அப்பா துண்டை நீட்டிக்கொண்டு வேர்த்து நின்றார். வயதான பொலிஸ்காரர் யன்னலால் மேலே பார்த்துவிட்டு, "அது என்ன?" என்று படியேறத் தொடங்கினார். மேலே தகரக்கூரைக்குள் பெர்மெஸ்ஸோ இல்லாத அன்ரி இருந்தார்.

சிஞ்ஞோரா முழங்கால் வலியை மறந்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஏறினார். "புனிதைக்கு நேர்த்தி," என்றார் மூச்சு வாங்க. "எங்கள் தமிழர்களைத் தெரியும்தானே, வெறும் காலோடு அந்தப் புனிதையின் மலை ஏறுகிறவர்கள்."

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். "யாருக்காக?" என்று கேட்டார்.

"தம்பிக்கு," என்றார் அம்மா, தனக்குத் தெரிந்த இத்தாலியில். "இரண்டு தம்பிக்கு."

அறைக்குள்ளிருந்து சூடான துணியின் மணம் வந்தது. எங்களுக்கு வந்தது என்றால் அவருக்கும் வந்திருக்கும். அவர் மூடிய கதவைப் பார்த்தார், சிஞ்ஞோராவைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு காற்றுக்குத் தடி சரிந்தபோது கம்பி கொண்டுவந்து இழுத்துக் கட்டியது யார் என்கிறீர்கள்? கீழ்வீட்டு அங்கிள். முறுமுறுத்துக்கொண்டுதான் கட்டினார்.

மழைக்காலம் தொடங்கியபோது மூலைக் கடைக்கு அன்ரியைக் கேட்டுத் தொலைபேசி வந்தது. அவர் படியேறி வந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, ஓட்டமும் இல்லை நடையும் இல்லை. கதவடியில் நின்று அம்மாவிடம், "விவோ," என்றார். உயிரோடு. தூக்கு இல்லை, ஆயுள் மறியல். அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா கையை விரித்து, என்னுடையவன் என்று கேட்பதுபோல, அன்ரியைப் பார்த்தார். அன்ரி அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

தம்பியைப் பார்க்க அன்ரி ஊருக்குத் திரும்பினார். போனால் இங்கே திரும்பி வரமுடியாது என்று தெரிந்துதான் போனார். இஸ்திரிப் பெட்டியை எங்களுக்கு விட்டார். நாலைந்து வீடு மாறியதில் அது எங்கேயோ துலைந்தது. போகும்போது என்னிடம் சொன்னார்: "உன் அம்மாவிடம் சொல், துணி வெளிறினால் புதிது கட்டவேண்டும். எங்கள் தீவில் ஒவ்வொரு வருடமும் புதிது கட்டுவோம்." நான் அப்படியே சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வருடமும் விட்டதில்லை. மாமாவைப் பிடித்த நாள் வரும். கூறையில் ஒரு துண்டு வெட்டுவார். எந்த வீட்டில் இருந்தாலும் பல்கணிக் கம்பியில் கட்டுவார். முகாம்கள் மூடினார்கள் என்றார்கள், பெயர்கள் வந்தன, சண்டை முடிந்தது என்றார்கள். மாமாவின் பெயர் எதிலும் வரவில்லை. இன்றுவரை அவருக்கு ஒரு வழக்கு இல்லை. தூக்குமில்லை, ஆயுளுமில்லை.

போன ஆடியில் அம்மாவின் செத்தவீட்டுக்கு நீங்கள் வந்தீர்கள். அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்த உங்களில் மூன்று நான்கு பேர் உள்ளே நின்றீர்கள். புருசன் உயிரோடு இருக்கையில் போகிறவளுக்குக் கூறைதான் உடுத்தவேண்டும் என்று சொல்லி, நான் எடுத்துத் தந்ததை விரித்தீர்கள். ஒரு சுற்றுக்குக்கூடச் சரியாகக் காணவில்லை. "ஐயோ, ஆர் இதை வெட்டினது?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கதவடியில் கதிரையில் இருந்த அப்பா கையை உயர்த்தினார்.

"கடைசித் துண்டுகள் நான்தான் வெட்டினனான்," என்றார். "அவவுக்குக் கை நடுங்கத் தொடங்கிட்டுது."

அப்பா எழுந்து வந்து சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கிறதை உடுத்துங்கோ பிள்ளையள். ஒரு துண்டை மட்டும் எனக்கு விடுங்கோ. வாற வருசம் கட்டோணும்."